டெஃப்லான் கிண்ணம் ஏன் தோற்றது? பாலிஎத்திலீன் எப்படி வந்தது?

கேள்வி:
செயற்கை இடுப்பு மூட்டில், தொடை எலும்பில் பொருத்தும் எஃகுக் குண்டு சுழலும் கிண்ணத்துக்கு, ஆங்கிலேய எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லானைத்தான் எடுத்தார். அவ்வளவு வழுக்கலான பொருளை ஏன் கைவிட நேர்ந்தது? உராய்வு குறைந்தால் தேய்மானமும் குறைய வேண்டாமா?

பதில் 1:
உராய்வு வேறு, தேய்மானம் வேறு. டெஃப்லானின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று சுலபமாகச் சறுக்கும். வழுக்கலுக்குக் காரணம் அதுதான். பாரம் ஏறினால் படலம் படலமாக உரிவதற்கும் அதுவே காரணம். எஃகுக் குண்டு இரண்டு மூன்று வருடத்தில் கிண்ணத்தைக் குடைந்துகொண்டு போய்விடும். உதிர்ந்த துகளை உடல் சும்மா விடாது. சுற்றிலும் திசுக்கட்டி வளரும், எலும்பு அரிக்கப்படும், மூட்டு ஆடிப்போகும். கண்ணாடி கலந்து உறுதியாக்கிய டெஃப்லானும் பலிக்கவில்லை. அது எஃகுக் குண்டையே உப்புத்தாள் போலத் தேய்த்தது.

பதில் 2:
மாற்று கிடைத்தது நெசவாலைப் பக்கமிருந்து. இங்கிலாந்தின் லங்காஷயர் தறிகளின் பல்சக்கரங்களுக்குப் பயன்பட்ட, மூலக்கூறு எடை மிக அதிகமான பாலிஎத்திலீன் 1962 மே மாதம் சார்ன்லி வேலை பார்த்த ரைட்டிங்டன் மருத்துவமனைப் பட்டறைக்கு வந்தது. சார்ன்லிக்கு அதில் நம்பிக்கையில்லை. அவர் வெளியூர் போயிருந்தபோது பட்டறைக்காரர் ஹாரி கிரேவன் அதைச் சோதனை எந்திரத்தில் ஏற்றினார். இரவு பகலாக மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. அந்த நவம்பரிலேயே நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார்கள்.

குண்டின் விட்டத்தையும் கவனியுங்கள்: 22.225 மி.மீ., அதாவது முக்கால் அங்குலமும் அரைக்கால் அங்குலமும். வருடம் 0.1 மி.மீ. ஆழம் தேய்ந்தால் இந்தக் குண்டு சுமார் 39 கன மி.மீ. துகள் உதிர்க்கும், 32 மி.மீ. குண்டு சுமார் 80. சின்னக் குண்டு கிண்ணத்தைவிட்டுச் சுலபமாக நழுவும், ஆனால் துகள் பாதிதான்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் பாலிஎத்திலீன் கிண்ணங்களிலும் பிறகு எலும்பு அரிப்பு வந்தது எதனால்?

பதில் 3:
ஒரு காரணம் கிருமிநீக்கம். காற்றுள்ள உறையில் 25 முதல் 40 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) காமாக் கதிர் பாய்ச்சினார்கள். கதிர் பட்டு அறுந்த மூலக்கூறுச் சங்கிலி முனைகள் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள, பிளாஸ்டிக் வருடக்கணக்கில் நொறுங்கத்தக்கதாகிறது. பழைய கிண்ணத்தை மெல்லிய வில்லையாகச் சீவினால், மேற்பரப்புக்குச் சற்று உள்ளே வெள்ளைப் பட்டை தெரியும். அங்கேதான் விரிசல் தொடங்கும்.

1990-களின் கடைசியில் அதே கதிரை 50 முதல் 100 கிலோகிரே கொடுத்துச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்தார்கள். தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. பிறகு உருக்கினால் பிணையாமல் மிஞ்சிய முனைகள் அடங்கும், ஆனால் வலிமை குறையும். உருகுநிலைக்குக் கீழே சூடாக்கினால் வலிமை நிற்கும், முனைகளும் மிஞ்சும். வலிமையும் நிற்க வேண்டும், முனைகளும் அடங்க வேண்டும் என்றுதான் வைட்டமின் ஈ சேர்க்கிறார்கள். உருக்கிய வகையில் விளிம்பு மெலிந்து, கிண்ணம் செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருந்தால் விளிம்பே உடையும். தேய்மான எண்ணை மட்டும் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.