ஹூஸ்டனில் ஆன விவாகரத்து: தீர்ப்பு நகல் வாங்க உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 2011இல் டெக்சாஸில், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் விவாகரத்து ஆனது. இப்போது கோவையில் மறுமணம் பேசி முடித்திருக்கிறோம். திருமணப் பதிவுக்கு, சான்றளித்த தீர்ப்பு நகல் அப்போஸ்டிலோடு (ஆவணம் வேறு நாட்டில் செல்ல, அது வழங்கப்பட்ட இடத்து அரசு இணைத்துத் தரும் சான்று) வேண்டும் என்கிறார்கள்.

கையில் இருப்பது ஒரு பழைய ஜெராக்ஸ்தான். நாலாக மடித்துப் பீரோவில் கிடந்ததில், மடிப்பு சரியாக வழக்கு எண்ணின் மேலேயே விழுந்து கடைசி மூன்று இலக்கங்கள் அழிந்துவிட்டன.

ஆஸ்டினில் உள்ள மாநிலப் பதிவுத் துறைக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்கள் தருவது விவாகரத்து பதிவானதை உறுதிசெய்யும் கடிதம் மட்டுமாம். முழுத் தீர்ப்பு வேண்டுமென்றால் அந்தக் கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம்தான் (நீதிமன்ற ஆவணங்களை வைத்திருப்பவர்) கேட்க வேண்டும். அப்புறம் அப்போஸ்டிலுக்கு அதே நகலை ஆஸ்டினிலேயே உள்ள மாநிலச் செயலாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

முழு வழக்கு எண் இல்லாமல், இருவர் பெயரையும் ஆண்டையும் வைத்துத் தேடித் தருவார்களா? அக்காவின் திருமணத்துக்கு முந்தைய பெயரையும் சேர்த்து எழுத வேண்டுமா? இந்தியாவிலிருந்தே பணம் கட்டி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நகல் வந்ததும் அதை ஹூஸ்டனிலிருந்து ஆஸ்டினுக்கு அனுப்பித் தர, அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது முன்வந்தால் பெரிய உதவி. செலவு முழுவதும் நான் தருகிறேன்.

அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலே அக்கா இரண்டு நாள் பேசமாட்டார். அதனால்தான் நானே கேட்கிறேன். முகூர்த்தம் தை மாதம்.