வளவுக் கிணற்றில் நல்ல தண்ணி: இலங்கைக் கிழக்குக் கரையோர ஊர்க்காரர் மூவர் பேசுவது

கல்லடி:
ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல் திட்டு. வாளியை விட்டால் நல்ல தண்ணி. எப்படி என்று யாரும் யோசிப்பதில்லை. மாரி மழை மணலில் இறங்கி, கீழே நிற்கும் உப்புத் தண்ணிக்கு மேல் மிதக்கிறது. கடல் தண்ணி பாரம் கூடியது, அவ்வளவுதான் விஷயம். கணக்கு ஒன்றுக்கு நாற்பது: நல்ல தண்ணியின் மேல்மட்டம் 3 அங்குலம் குறைந்தே நின்றால், அடியிலிருந்து உப்பு நாளடைவில் 10 அடி ஏறும்.

வாளியால் அள்ளிய காலத்தில் இது பிரச்சினையில்லை. மோட்டரை ஒரே மூச்சில் ஓடவிட்டால்தான் உப்பு கூம்புபோல் எழும்பும். காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் இறையுங்கள். ஃபுட் வால்வை, அதாவது மோட்டர் குழாயின் உறிஞ்சும் நுனி வால்வை, அடியில் இறக்காதீர்கள். தண்ணி மட்டத்துக்கு இரண்டடி கீழே போதும். கோடையில் மட்டம் இறங்க, அதையும் இறக்குங்கள்.

பாண்டிருப்பு:
ஓம், அண்ணன் சொன்னது சரி. 2004 சுனாமிக்குப் பிறகு நடந்ததும் இதுதான். சேற்றை எடுக்க ஒருதரம் இறைத்தது சரி. உப்பு போகட்டும் என்று திரும்பத் திரும்ப இறைத்தது பிழை. உப்பு கிணற்றுக்குள் மட்டுமில்லை, சுற்று மணலிலும் ஊறியிருந்தது. அதைக் கழுவ மழையால்தான் முடியும்.

ஆரையம்பதி:
வெள்ளம் வடிந்தபின் குளோரின் போடுகிறவர்களுக்கு. 4 அடி அகலக் கொட்டுக்குள் (கிணற்று வளையத்துக்குள்) ஓரடித் தண்ணி சுமார் 350 லீற்றர். அதற்கு 30 வீதக் குளோரின் தூள் 60 கிராம். எட்டடி நின்றால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தூளை அப்படியே கொட்டாதீர்கள், சுண்ணாம்பு அடியில் படியும். வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, கொட்டின் உட்சுவரையும் கழுவுங்கள். 12 மணித்தியாலம் விட்டு, மறுகா மணம் போகும்வரை அள்ளி வெளியே ஊற்றுங்கள், ஆறுதலாக. பழைய தூள் வீரியம் கெட்டிருக்கும். உப்பை இது எடுக்காது, கிருமியை மட்டும்தான்.

மலசலகூடக் குழி 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். 10 பேர்ச் வளவு சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடிதான். ஆகவே பக்கத்து வீட்டுக் குழி எங்கே என்றும் பாருங்கள். அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை!

கல்லடி:
இன்னொன்று. உன்னிச்சைக் குளத்துத் தண்ணி குழாயில் வந்த பிறகு சிலர் பழைய கிணற்றைக் குப்பைக் குழியாக்குகிறார்கள். குப்பை போட்ட கிணற்றுக்கும் அடுத்த வளவுக் கிணற்றுக்கும் நடுவில் இருப்பது வெறும் மணல்தான். பாவிக்காவிட்டால் வலை போட்டு மூடிவையுங்கள்.