ஹோகார்த்தின் படங்கள்: ஒரு சந்தேகம், உதவுங்களேன்

நண்பர்களே, வணக்கம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு, ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1747இல் லண்டனில் வெளியிட்ட 12 படங்களைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த வரிசை அது. உழைப்பாளி, சோம்பேறி என்று நெசவுத் தொழில் பழகும் இரண்டு பையன்கள் ('அப்ரண்டிஸ்'). ஒரே பட்டறை, ஒரே முதலாளி. கடைசியில் ஒருவன் லண்டன் மேயர், மற்றவன் டைபர்ன் தூக்குமேடையில்.

என்னை உறுத்துவது கதையின் நீதி இல்லை, யார் எங்கே நிற்கிறார்கள் என்பது. 2ஆம் படத்தில் நல்லவன் தேவாலயத்துக்குள் முதலாளி மகளோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கிறான். 3ஆம் படத்தில் மற்றவன் வெளியே கல்லறை மேல் சூதாடுகிறான். பின்னால் ஓர் ஆள் பிரம்பை ஓங்கி நிற்கிறான்.

10ஆம் படம்தான் சிக்கல். பழைய தோழன் குற்றவாளியாக முன்னால் வந்து கெஞ்ச, நீதி வழங்கும் இடத்தில் இருக்கும் நல்லவன் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பக்கத்திலேயே லஞ்சம் கைமாறுகிறது, பொய்ச்சாட்சி இடது கையை வைத்துச் சத்தியம் செய்கிறான்! அந்தத் திருப்பல் இரக்கமா, 'நீ என் ஆள் இல்லை' என்ற விலகலா? ஹோகார்த் கிண்டல்காரர், அதனால்தான் கேட்கிறேன்.

இந்தப் படங்களை ஊன்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். 'அப்ரண்டிஸ்' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல்லும் வேண்டும். 'தொழில் பழகுநர்' மேடையில் கொஞ்சம் அரசாணை மாதிரி ஒலிக்கிறது. வெள்ளிக்கிழமை பேச்சு.