மட்டு மதிப்பை ஆறாம் வகுப்புக்கு எப்படி ஆரம்பிக்கலாம்?

கேள்வி:
ஆறாம் வகுப்புக்கு முழுக்கள் எடுத்துட்டு இருக்கேன். எண்கோடு ஓரளவு புரிஞ்சிடுச்சு, ஆனா -8, -3 ரெண்டுல எது பெருசுன்னா பாதிப் பேர் -8ங்கிறாங்க. மட்டு மதிப்பு, அதாவது ஒரு எண் பூஜ்ஜியத்துலேர்ந்து எவ்வளவு தூரம்னு ஆரம்பிச்சா "மைனஸை எடுத்துட்டா போதும்ல மிஸ்"னு முடிச்சிடுறாங்க. |-7| சரியா வருது, -|-4| குடுத்தா அதுக்கும் 4தான் போடுறாங்க. வேற எப்படிச் சொல்லலாம்?

பதில் 1:
மிஸ், மட்டு மதிப்பைக் குறிக்கற அந்த | | ரெண்டு கோட்டை முதல் நாள் போர்டுல எழுதவே வேணாம். தரையில சாக்பீஸால -10 முதல் 10 வரை எண்கோடு போட்டு, -6ல ஒரு பிள்ளை 6ல ஒரு பிள்ளைன்னு நிறுத்தி பூஜ்ஜியத்துக்கு நடந்து வரச் சொல்லுங்க, மத்தவங்க அடிய எண்ணட்டும். ரெண்டு பேருக்கும் 6 அடிதான், தூரம் மைனஸ்ல வராதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க. அப்புறம் திருப்பிக் கேளுங்க, பூஜ்ஜியத்துலேர்ந்து 4 அடி தள்ளி எங்க நிக்கலாம்னு. இதுதான் முக்கியமான கேள்வி, ரெண்டு இடம் இருக்குன்னு இப்பவே பாத்துட்டா பின்னாடி சமன்பாட்டுல ஒரே விடையோட நிறுத்த மாட்டாங்க. -8, -3 குழப்பமும் இங்கயே தீரும், தூரம் வேற, பெருசு சின்னது வேற, வலது பக்கம் நிக்கறதுதான் பெருசு.

பதில் 2:
"மைனஸை எடு"ங்கறத இப்பவே நிறுத்திடுங்க, மேல் வகுப்புல காலை வாரிடும். மைனஸ் எக்ஸோட மட்டு மதிப்பு எக்ஸ்தான்னு கண்ணை மூடிட்டு எழுதுவாங்க, எக்ஸ் -5ஆ இருந்தா விடை மைனஸ்ல வந்துடுமே? |3 - 8| குடுத்துப் பாருங்க, நடுவுல இருக்கற மைனஸையும் தூக்கிட்டு 11னு போடுற பிள்ளைங்க இருக்காங்க. அது 3க்கும் 8க்கும் நடுவுல இருக்கற தூரம், 5. -|-4|ல உள்ள இருக்கறத முதல்ல முடிச்சா 4, வெளிய நிக்கற மைனஸை யாரும் தொடல, அதனால -4.

பதில் 3:
எது பெருசுங்கறதுக்கு எண்கோட்டை நிமித்தி வச்சும் காட்டுங்க, தெர்மாமீட்டர் மாதிரி. அண்டார்டிகாவுல வோஸ்டாக் ஆய்வு நிலையத்துல 1983ல -89.2 டிகிரி செல்சியஸ் பதிவாச்சு, -20ஐ விட அது கீழதான்னு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. கூட்டல் வரும்போது கடன் கணக்கு எடுத்துக்கலாம், 628லயே கணித மேதை பிரம்மகுப்தர் மிகை எண்ணை தனம்னும் குறை எண்ணை கடன்னும் வச்சுதான் விதி எழுதினார்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, நாளைக்கே தரையில கோடு போடுறேன்.

பதில் 1:
போடுங்க மிஸ். நிக்கற இடத்தையே ஒண்ணுன்னு எண்ண ஆரம்பிப்பாங்க, -6க்கு 7 வந்துடும். புள்ளிய எண்ணாம தாவுறத எண்ணச் சொல்லுங்க.