ஏடு, பத்திரம் ஸ்கேன் செய்யும் புது ஆட்களுக்குப் பயிற்சியைத் தொடர்ந்து எப்படிக் கொடுக்கிறீர்கள்?

செங்கோட்டை வாசி:
வணக்கம். எங்கள் ஆவண அறையில் திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களும் கொஞ்சம் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் அந்தப் பக்கம்தானே, தமிழும் மலையாளமும் கலந்தே கிடக்கும். போன வருடம் ஒருவர் வந்து ஒரு நாள் வகுப்பு எடுத்தார், நன்றாகவே எடுத்தார், ஆனால் அன்று உட்கார்ந்திருந்த மூன்று பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி கயிற்றை அவிழ்க்காமல் நடு ஏட்டை உருவப் போய், துளையிலிருந்து ஓரம் வரை பிளந்துவிட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் காட்டித் தரவில்லை. என்ன செய்யலாம்?

பாலக்காட்டுக்காரி:
படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஒரு நாள் வகுப்பு போதாதுங்க. நாங்கள் திங்கள் காலை அரை மணி நேரம், வேலை செய்யும் மேஜையிலேயே வைத்துப் பழக்குகிறோம். எழுதாத வெற்று ஓலையைக் கோத்து வைத்திருக்கிறோம், அதில் அவிழ்த்து, அடுக்கி, வரிசை மாறாமல் திரும்பக் கட்டக் கை பழகினால்தான் அசல் சுவடி. தாளுக்குப் பருத்திக் கையுறை வேண்டாம், நுனி விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும். கழுவி, ஈரம் போகத் துடைத்த கை போதும். பழைய போட்டோ, நெகட்டிவ் என்றால் மட்டும் நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. தைத்த பதிவேட்டை ஸ்கேனர் மூடியால் அமுக்கவே கூடாது, மேலிருந்து கேமராவில் எடுங்கள். கிழிந்ததில் செலோடேப் ஒட்டுகிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள், பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

தக்கலை:
அக்கா சொன்னதோடு ஒன்று. படம் நன்றாக வந்தாலும் குறிப்பு தப்பானால் அந்த ஆவணம் தொலைந்த மாதிரிதான். எங்களிடம் ௲௭௰ என்று போட்ட ஒரு பத்திரத்தை 1070 என்று சரியாகவே படித்து, அதையே ஆங்கில ஆண்டாகப் பதிந்துவிட்டார்கள். அது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு, ஆங்கில ஆண்டில் 1894-95 வரும். தமிழ் எண்ணும் கொல்லம் கணக்கும் தெரிந்த பெரியவர் ஒருவரை மாதம் ஒரு முறை கூட்டி வந்து உட்கார வையுங்கள். அப்புறம், உங்கள் ஊரில் சாரல் தொடங்குமுன் பூஞ்சை பிடித்ததைப் பார்த்ததும் தனியே எடுத்துவைக்கச் சொல்லிக் கொடுங்கள். அதே அறையில் தூரிகையால் தட்டினால் மற்றதற்கும் பரவும்.

செங்கோட்டை வாசி:
ரொம்ப நன்றி. வெற்று ஓலைக்குச் சொல்லிவிட்டேன். இந்தத் திங்கள் அந்தத் தம்பியை வைத்தே தொடங்குகிறேன்.