வயர் எரிக்கிற புகையால் சலரோகம் வருமா?

கல்லடிக்காரன்:
செம்புக் கம்பிக்காக வயர் கொளுத்துகிறவர்கள் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்கள். கன்னங்கரேல் என்று புகை, உறை உருகிச் சொட்டும். அது பிவிசி பிளாஸ்டிக், எரிந்தால் டயொக்சின் என்ற நச்சு இரசாயன வகை வரும். அந்த வகையில் மிகக் கொடிய டிசிடிடியைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் முதல் தொகுதிப் புற்றுநோய்க் காரணியாக, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று, அறிவித்துவிட்டது. இப்போது நான் பேசுவது சலரோகம். வியட்நாம் போரில் ஏஜென்ட் ஒரேஞ்ச் என்ற, டயொக்சின் கலந்திருந்த களைகொல்லியைத் தெளித்த அமெரிக்க விமானப்படையினரில், இரத்தத்தில் டயொக்சின் கூடியவர்களுக்குச் சலரோகமும் கூடுதலாக இருந்தது. 2001 முதல் அந்த அரசு அதற்கு நட்டஈடே கொடுக்கிறது. வீட்டுக்கு வீடு சீனி வருத்தம் உள்ள நம் ஊரில் யார் இதைப் பேசுகிறோம்?

வாழைச்சேனை ரீச்சர்:
தம்பி, புகை நஞ்சுதான். ஆனால் நட்டஈடு அரசின் கொள்கை முடிவு. அதற்கு முதல் வருடம் சான்றுகளைப் பார்த்த அமெரிக்க மருத்துவ நிறுவகம் "மட்டுப்பட்ட சான்று" என்றுதான் சொன்னது. டயொக்சின் கொழுப்பில் தங்கும். பருமனானவரின் உடலை விட்டு மெதுவாகத்தான் போகும். சலரோகம் அதிகம் வருவதும் அவருக்கே. எது எதற்குக் காரணம்? என் மாமிக்கு மூன்று நேரமும் சோறு, இடையிடையே சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீ. புகைதான் காரணம் என்று கேட்டால் சந்தோஷமாக இன்னொரு கப் குடிப்பார். எனக்கு அந்தப் பயம்தான்.

அக்கரைப்பற்று நானா:
ரீச்சர், உடல் பருமனைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. ஆய்வுகூட விலங்குகளில் குளுக்கோஸ் கலங்களுக்குள் போவதையும் டயொக்சின் குறைத்திருக்கிறது. இன்னொன்று, மனிதருக்கு இது 90 வீதத்துக்கு மேல் உணவால்தான் வருகிறது. சாம்பல் புல்லில் படியும், மாடு மேயும், பாலில் வரும். குப்பை மேட்டில் மேயும் மாடுகளை மட்டக்களப்பில் பார்க்காதவர் யார்?

வாழைச்சேனை ரீச்சர்:
அளந்து பார்க்காமல் தயிரில் கை வைக்காதீர்கள் நானா. தயிர்ச் சட்டி விற்றுப் பிள்ளை படிப்பிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. விமானப்படையினர் பட்ட அளவும் நம் வளவுப் புகையும் ஒன்றா?

கல்லடிக்காரன்:
ஒன்றில்லை, சரி. ஆனால் உள்ளே போனதில் பாதி குறையவே 7 முதல் 11 வருடம் எடுக்கும். தினமும் கொஞ்சம் என்றால் சேர்ந்துகொண்டே போகும். திறந்த வெளியில் பிளாஸ்டிக் எரிப்பதற்கு 2017இல் இருந்தே தடை. மாமியின் சீனியை நீங்கள் குறையுங்கள் ரீச்சர், வயர் எரிப்பை நிறுத்தச் சொல்லி நான் எழுதும் முறைப்பாட்டில் கையெழுத்தும் போடுங்கள்.

வாழைச்சேனை ரீச்சர்:
போடுகிறேன். சலரோகம் என்ற வரியை எடுத்துவிட்டு, புற்றுநோய் என்று மட்டும் எழுதினால்.