முகம் வேண்டாம், சுவரை எடு

கோலாலம்பூரின் சௌக்கிட் வட்டாரத்துப் பின்சந்துகளில் படமெடுத்துப் பழகிய தைரியத்தில்தான் ஏதென்ஸ் போனபோது எக்சார்கியாவுக்குள் நுழைந்தேன். அரசாங்கமே வேண்டாம் என்கிற அனார்க்கிஸ்டுகளின் பேட்டை என்று பேரெடுத்த இடம். கடை ஷட்டர், சுவர், கதவு என்று ஒன்றுவிடாமல் எழுத்தும் ஓவியமும். 35 எம்எம் லென்ஸோடு எடுத்துக்கொண்டே போனேன்.

ஒரு காபிக்கடை வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு மூன்று படம்தான் எடுத்திருப்பேன், பெரியவர் ஒருவர் எழுந்து வந்து உள்ளங்கையால் லென்ஸை மூடினார். சத்தம் போடவில்லை. "சுவரை எடு, முகம் வேண்டாம்" என்றார், அரைகுறை ஆங்கிலத்தில். யாரோ ஊர் சுற்ற வந்தவர் இணையத்தில் போடும் படம், போராட்டத்துக்குப் போகிற பிள்ளைகளைப் போலீசுக்குக் காட்டிக் கொடுத்துவிடுமாம். அவர் கண்ணெதிரிலேயே அந்தப் படங்களை அழித்தேன்.

அப்புறம் அவரே பக்கத்து மூலைக்குக் கூட்டிப்போனார். 2008 டிசம்பர் 6 இரவு, அலெக்சாண்ட்ரோஸ் கிரிகோரோபுலோஸ் என்ற 15 வயதுப் பையனைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக்கொன்ற இடம். நாடே கொந்தளித்தது அதற்குப் பிறகுதான். நினைவுப் பலகைக்குக் கீழே காய்ந்த பூக்கள். கேமராவைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. கொஞ்ச தூரத்தில் நவாரினு பூங்கா. கார் நிறுத்துமிடமாகக் கிடந்த மனை அது. 2009-இல் அக்கம்பக்கத்தார் யாரிடமும் அனுமதி கேட்காமல் தாரைப் பெயர்த்து மரம் நட்டிருக்கிறார்கள். அங்கே மட்டும் ஆசைதீர எடுத்தேன்.

கோலாலம்பூர் திரும்பியதும் பழைய சௌக்கிட் படங்களைத் திறந்து பார்த்தேன். ஐந்தடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், படுத்துக் கிடப்பவர்கள், சந்து முனையில் நிற்கும் பெண்கள். ஒருவரைக்கூடக் கேட்டு எடுத்ததில்லை. பாதிக்கு மேல் அழித்துவிட்டேன்.

இப்போதெல்லாம் கேமரா பைக்குள்ளேயே இருக்கும். சந்தைப் பக்கம் போய் தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீரைக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நாள், எதிரே கறிவேப்பிலை கட்டிக்கொண்டிருந்த அண்ணன் கேட்டார்: "என்ன தம்பி, பையில கேமராவா? வெளிய எடுக்க மாட்டியா?"

"கையை மட்டும் எடுத்துக்கட்டுமாண்ணே?"

பச்சைக் கறை ஏறிய கட்டைவிரலில் சிவப்பு ரப்பர் வளையத்தை இழுத்துச் சுற்றியபடியே சொன்னார்: "முகத்தையும் எடு. ஆனா எனக்கு ஒண்ணு கழுவிக் குடுத்துடணும்."

வெள்ளிக்கிழமை கொண்டுபோகிறேன்.